சேலம், நாமக்கல் காற்றில் கலந்த தூசு: நம் உடலில் என்ன செய்கிறது?

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்குத் தூசு புதிதல்ல. லாரிப் பட்டறை, ரிக் வண்டி, கல்குவாரி, வெள்ளைக்கல் சுரங்கம், கோழிப்பண்ணை என நம் பகுதியில் பலருடைய பிழைப்பே தூசோடுதான் நடக்கிறது. பழகிப்போனதால் அதன் தீங்கை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கண்ணுக்குத் தெரியாததே ஆபத்து

ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான். காற்றில் மிதக்கும் துகள்களில் 10 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ளவற்றை பி.எம். 10 என்றும், 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ளவற்றை பி.எம். 2.5 என்றும் அழைக்கிறார்கள். பெரிய தூசை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். பி.எம். 2.5 நுரையீரலின் காற்றறைகள் வரை போகிறது. அதிலும் மிக நுண்ணியவை ரத்தத்தில் கலக்கின்றன.

எனவே பாதிப்பு இருமலோடு நிற்பதில்லை. ஆஸ்துமா, நாள்பட்ட மூச்சடைப்பு நோய், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கு இத்துகள்கள் காரணமாகின்றன. கர்ப்பிணிகள் தொடர்ந்து சுவாசித்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2012-ல் டீசல் புகையையும் 2013-ல் காற்று மாசையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது.

பி.எம். 2.5-க்கு இந்தியா 2009-ல் வைத்த ஆண்டுச் சராசரி வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்ததோ வெறும் 5. நம் நாட்டின் வரம்புக்குள் இருக்கும் காற்றையும் முழுப் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது.

நம் பகுதியில் எங்கிருந்து வருகிறது?

நெடுஞ்சாலை லாரிகளின் டீசல் புகை, மேட்டூர் அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரி, குவாரியும் கிரஷரும் கிளப்பும் கல்தூசு, எரிக்கப்படும் குப்பை ஆகியவை கண்ணுக்குத் தெரிந்த காரணங்கள். தெரியாத ஒன்றும் உண்டு. கோழி எருவிலிருந்து எழும் அம்மோனியா, நிலக்கரி மற்றும் டீசல் புகையிலுள்ள கந்தக, நைட்ரஜன் வாயுக்களோடு சேர்ந்து காற்றிலேயே புதிய நுண்துகளாக மாறுகிறது. சேலம் நகரைச் சுற்றி மலைகள் இருப்பதால், பனிக்கால அதிகாலையில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கி, புகையையும் கலைய விடாமல் பிடித்து வைக்கிறது.

ரிக், குவாரித் தொழிலாளர் கவனத்துக்கு

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் வட மாநிலங்கள் வரை போய் போர் போடும் இளைஞர்கள் ஏராளம். பாறையைத் துளைக்கும்போது காற்றழுத்தத்தால் மேலே வரும் தூளில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பு விழுந்து ‘சிலிக்கோசிஸ்’ நோய் வரும். வந்த தழும்பை ஆற்றும் மருந்து இல்லை. எக்ஸ்ரேயில் காசநோய் போலவே தெரிவதால் தவறாகக் கணிக்கப்படுவதும் உண்டு. சிலிக்கோசிஸ் இருப்பவருக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்பும் அதிகம். ஆகவே மருத்துவரிடம் போகும்போது, என்ன வேலை, எத்தனை ஆண்டுகள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். சட்டப்படி, இது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்.

நாம் செய்யக்கூடியவை

• துளையிடும் இடத்தில் தண்ணீர் பாய்ச்சினால் தூசு பெருமளவு அடங்கும். முதலாளிகள் இதைச் செலவாகக் கருதக் கூடாது.

• முகத்தில் கட்டும் துண்டு நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு நன்றாகப் பொருந்தும் என்-95 முகக்கவசமே பயன்படும்.

• வேலை உடுப்போடு குழந்தைகளைத் தூக்க வேண்டாம். அதைத் தனியாகத் துவையுங்கள்.

• வெந்நீருக்கு விறகு எரிப்பது, மூடிய அறையில் கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி போடுவது ஆகியவையும் நுண்துகளை உண்டாக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

• ஃபஜ்ருக்குப் பின் நடக்கும் பெரியவர்கள், பனிமூட்டமான நாட்களில் நெடுஞ்சாலை ஓரத்தைத் தவிர்த்து, வெயில் ஏறிய பின் நடக்கலாம்.

• இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, படி ஏறும்போது மூச்சு வாங்கினாலோ, சேலம் அல்லது நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள்.

வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுப்பவரின் மூச்சு தளர்ந்தால் குடும்பமே தளரும். தூசு படியும் வேலையில் இருப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், நோய் வரும்வரை காத்திராமல் ஆண்டுக்கு ஒருமுறை அவருக்கு மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.