பிரௌன் மலை ஒளிகள்

அமெரிக்காவின் வட கரோலினாவில், பிரௌன் மலைக்கு மேல் இரவில் தோன்றும் ஒளிகளை ஆராய அந்நாட்டு நிலவியல் அளவைத் துறை 1913-இல் ஸ்டெரெட் என்பவரை அனுப்பியது. அவை தொலைவில் ஓடும் ரயில் எஞ்சின்களின் முகப்பு விளக்குகளே என்றார் அவர். 1916-இல் பெருவெள்ளம் பாலங்களை அடித்துச் சென்றது. ரயில்கள் நின்றபின்னும் ஒளிகள் தெரிந்தன. ஊரார் அரசின் விடையை ஏற்கவில்லை.

1922-இல் வந்த மேன்ஸ்ஃபீல்ட், ஒவ்வோர் ஒளியின் திசையையும் கருவிகொண்டு அளந்து வரைபடத்தில் கோடிட்டார். கோடுகள் மலையைக் கடந்து அப்பாலிருந்த பள்ளத்தாக்குக்குச் சென்றன. அவர் கணக்கில் நூற்றுக்கு 47 மோட்டார் வாகன விளக்குகள், 33 ரயில் விளக்குகள், 10 நிலையான விளக்குகள், 10 புதர்த்தீ. மூடுபனியும் தூசியும் கலந்த காற்று அவற்றை உருமாற்றிக் காட்டியது.

ஊரார் கண்டது மெய். ஸ்டெரெட் சொன்னதிலும் மூன்றிலொரு பங்கு மெய். ஒரே காரணத்தோடு நிறைவடைந்ததே முதல் ஆய்வின் குறை. அதைக் காட்டிக்கொடுத்தவர்கள், தம் கண்களை நம்பிய எளிய மனிதர்கள்.