விராலிமலைப் படியும் டான்ஸ் கிளாஸும்

"பாப்பாவ டான்ஸ் கிளாஸ்ல சேர்க்கலாமா? அதனால என்னடா பிரயோஜனம்?"

கூடப் படிச்ச பசங்க ஒவ்வொருத்தனா அப்பா ஆக ஆக, இந்தக் கேள்வி அடிக்கடி வருது. உடம்புக்கு நல்லது, ஞாபக சக்தி கூடும், கூச்சம் போகும்னு ஒரு ரெடிமேட் பதில் எல்லார்கிட்டயும் இருக்கு. ஆனா புதுக்கோட்டைச் சீமையில இதுக்கு கொஞ்சம் பெரிய பதில் இருக்குங்க.

கீரனூர் பக்கம் குன்றாண்டார்கோவில் தெரியுமா? குன்றைக் குடைஞ்ச பல்லவர் காலத்துக் குடைவரை, 8ம் நூற்றாண்டு. அதுக்கு முன்னாடி பிற்காலத்துல கட்டின மண்டபம், சக்கரமும் பாயுற குதிரையுமா தேர் மாதிரியே இருக்கும். சிலைன்னு பார்க்க வர்றவங்க உண்டு. ஆனா கோவிலோட சேர்ந்து வளர்ந்த இன்னொரு கலை இருக்கே, ஆட்டம், அதைத் தேடினா இதே மாவட்டத்துல மேற்கே விராலிமலைக்குப் போகணும்.

அங்கே முருகன் கோவில்ல சதிர் ஆட 32 பெண்கள் இருந்தாங்க. அதுல கடைசியா நமக்குத் தெரிஞ்சவர் முத்துக்கண்ணம்மாள். 7 வயசுல பொட்டுக் கட்டினாங்க. அப்பா ராமச்சந்திர நட்டுவனார்தான் குரு. தினமும் மலைப்படி ஏறிப் போய் சாமி முன்னாடி ஆடணும், பாடணும். 2022ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைச்சது.

பயிற்சின்னு பார்த்தா அசாத்தியமான விஷயம். ஒரு தட்டடவை எடுத்துக்கங்க. அரைமண்டியில உட்கார்ந்து முதல் காலத்துல ஆடணும். ரெண்டாம் காலம் இரட்டிப்பு, மூணாம் காலம் அதுக்கும் இரட்டிப்பு. தாளம் மட்டும் மாறாது. நம்ம பொட்டி தட்டுற பாஷையில சொன்னா, கடிகாரம் அதே, வேலை நாலு மடங்கு :-) காலு கணக்குப் போட, கையி முத்திரை பிடிக்க, கண்ணு கதை சொல்லணும். நாம இன்னைக்கு லிஸ்ட் போடுற பலன் அத்தனையும் அந்தக் குழந்தைக்கும் கிடைச்சிருக்கும்.

கிடைக்காதது ஒண்ணுதான். "எனக்கு வேணாம்"னு சொல்ற உரிமை. பொட்டுக் கட்டினா கல்யாணம் கிடையாது. அந்த முடிவை 7 வயசுப் பிள்ளைக்காக வேற யாரோ எடுத்தாங்க.

இதை எதிர்த்து நின்னவரும் இதே மண்ணுக்காரர்தான். 1886ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. அவங்க அம்மா சந்திரம்மாள் இசை வேளாளர் குடும்பம். அதனால இது அவருக்குப் புத்தகத்துல படிச்ச பிரச்சனை இல்லை. டாக்டராகி, சென்னை சட்ட மேலவைக்குள்ள போய்க் குரல் கொடுத்தார். எத்தனையோ இழுபறிக்கு அப்புறம் 1947ல் சட்டம் வந்தது.

இன்னொரு பக்கம், வழக்கம் போகட்டும், ஆட்டம் ஏன் போகணும்னு கேட்டார் வக்கீல் ஈ.கிருஷ்ண ஐயர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட கத்துக்கிட்ட ருக்மிணி தேவி 1935ல் அடையாறுல மேடை ஏறினார். 1936ல் கலாக்ஷேத்ரா. சதிர், பரதநாட்டியம்னு புதுப் பேரோட வேற வீடுகளுக்குக் குடிபோச்சு. நம்ம டான்ஸ் கிளாஸ் பிறந்த கதை இதுதான்.

கணக்கு நேர் ஆகலைங்கிறதும் நிஜம். தலைமுறை தலைமுறையா காப்பாத்தின குடும்பங்கள் ஆட்டத்தை விட்டு ஒதுங்க வேண்டியதாச்சு. அவங்க பேத்திகள்ல எத்தனை பேர் இன்னைக்குச் சலங்கை கட்டுறாங்க? யோசிச்சா கஷ்டமாத்தான் இருக்கு.

அதனால நண்பர்களுக்கு நான் சொல்றது இதுதான். டான்ஸ் கிளாஸோட முதல் பலன், பிள்ளை உள்ளே வரவும் முடியும், பிடிக்கலைன்னா வெளியே போகவும் முடியும். ஒருத்தர் ஆயுசு முழுக்கப் போராடி வாங்கிக் கொடுத்தது அது. சேர்த்து விடுங்க. ஆனா "அரங்கேற்றம் முடிக்காம விடமாட்டேன்"னு அழுகிற பிள்ளையை இழுத்துக்கிட்டுப் போனா, பழைய பொட்டுக்கட்டுக்கு ஒரு சின்ன நிழல் அதுலயும் இருக்கு.

கதவு எல்லாருக்கும் திறந்திருக்கான்னா, அது அடுத்த கேள்வி. 5 வயசுல இருந்து 16 வரைக்கும் பிள்ளைகளுக்கு அரசோட ஜவகர் சிறுவர் மன்றங்கள் கலை சொல்லித் தருது. டவுன்ல இருக்கவங்களுக்குச் சரி. குன்றாண்டார்கோவில் மாதிரி ஊர்ல இருந்து பஸ் பிடிச்சு ஒரு குழந்தை வரணுமே? அந்தத் தேர் மண்டபம் இருக்குற ஊருக்கே ஒரு வாத்தியார் வாரம் ரெண்டு நாள் போனா எப்படி இருக்கும்!

உங்க ஊர்ப்பக்கம் எப்படிங்க? சொல்லுங்களேன்.