நியூரோஎண்டோகிரைன் புற்றுநோய்: நான்காம் நிலையிலும் ஆண்டுக்கணக்கில் நீளும் சிகிச்சை

மும்பை: தமக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டி ஏற்பட்டிருப்பதாக நடிகர் இர்ஃபான் கான் 2018-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் தேதி அறிவித்தபோது, மருத்துவத் துறைக்கு வெளியே அப்பெயரைக் கேட்டிருந்தவர்கள் வெகு சிலரே. 'நியூரோ' என்ற சொல்லைக் கண்டு மூளைக் கட்டி என்று பலரும் எண்ணினர். அச்சொல் எப்போதும் மூளையைக் குறிப்பதில்லை என்று அவரே விளக்க வேண்டியிருந்தது. லண்டனில் சிகிச்சை பெற்று, இடையே 'அங்ரேஜி மீடியம்' படத்திலும் நடித்து முடித்த அவர், 2020 ஏப்ரல் 29-ஆம் தேதி தமது 53-ஆவது வயதில் மும்பையில் காலமானார்.

இந்நோய் வந்தால் இரண்டு ஆண்டுகளே என்ற எண்ணம் அதனால் பரவியது. அது சரியன்று. கணையத்தில் இதே வகைக் கட்டி இருப்பது 2003-இல் கண்டறியப்பட்ட ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸ், அதன்பின் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். கல்லீரலுக்குப் பரவிய பிறகும் பத்தாண்டுக்கு மேல் வாழ்வோர் உண்டு. சில மாதங்களில் உயிரிழப்போரும் உண்டு. ஒரே பெயருக்குள் வெவ்வேறு போக்குடைய நோய்கள் அடங்கியிருப்பதே காரணம்.

ஹார்மோன்களைச் சுரக்கும் நரம்பு நாளமில்லா உயிரணுக்கள் குடல், கணையம், இரைப்பை, நுரையீரல் எனப் பல உறுப்புகளில் பரவிக் கிடக்கின்றன. அவற்றிலிருந்து தோன்றும் கட்டிகளுக்கு, 'புற்றுநோய் போன்றது' எனப் பொருள்படும் கார்சினாய்டு என்ற பெயரை 1907-இல் ஜெர்மானிய மருத்துவர் சீக்ஃபிரீட் ஓபர்ண்டார்ஃபர் சூட்டினார். இவை பரவக்கூடியவை என்று பின்னர் அவரே திருத்திக்கொண்ட போதிலும், தீங்கற்றது என்ற தோற்றத்தை அப்பெயர் நெடுங்காலம் அளித்து வந்தது.

திசுப் பரிசோதனை அறிக்கையில் நோயாளியின் குடும்பத்தினர் முதலில் பார்க்க வேண்டியது கேஐ-67 என்ற எண்ணை. கட்டியின் உயிரணுக்களில் எத்தனை விழுக்காடு பெருகிக்கொண்டிருக்கின்றன என்பதை அது காட்டும். 3 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் முதல் தரம். 3 முதல் 20 வரை இரண்டாம் தரம். அதற்கு மேல் மூன்றாம் தரம். உயிரணுக்கள் இயல்பான வடிவை இழந்து வேகமாகப் பெருகினால் அது வேறு நோயாகவே கருதப்பட்டு, கீமோதெரபி தொடங்கப்படும். நான்காம் நிலை என்பது நோய் எவ்வளவு தொலைவு பரவியுள்ளது என்பதை மட்டுமே சொல்லும். அது எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதைச் சொல்வது தரமே.

தாமதமாகும் நோயறிதல்

முகமும் கழுத்தும் திடீரெனச் சிவந்து சூடாதல், நாளுக்குப் பலமுறை வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு ஆகியவை முக்கிய அறிகுறிகள். இவை மாதவிடாய் நிற்கும் காலக் கோளாறு, குடல் எரிச்சல் நோய், ஆஸ்துமா என்றெல்லாம் கருதப்பட்டு, ஆண்டுகள் வீணாவது வழக்கம். குடலில் உள்ள கட்டி சுரக்கும் செரோடோனினைக் கல்லீரல் சிதைத்துவிடும். ஆகவே கல்லீரலுக்கு நோய் பரவிய பின்னரே பெரும்பாலும் இந்த அறிகுறிகள் தலைகாட்டுகின்றன.

இதற்கான 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு முன் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, வால்நட் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். குரோமோகிரானின்-ஏ என்ற இரத்தப் பரிசோதனையோ, நம் நாட்டில் பலரும் தாமாகவே வாங்கி விழுங்கும் வயிற்று அமில மாத்திரைகளால் பிழையாக உயர்ந்து காட்டும்.

மாத ஊசியும் கதிரியக்க மருந்தும்

ஆக்ட்ரியோடைடு அல்லது லான்ரியோடைடு ஊசி, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இடுப்புப் பகுதியில் போடப்படுகிறது. இது ஹார்மோன் சுரப்பை அடக்கி, கட்டியின் வளர்ச்சியையும் மந்தப்படுத்தும். நோயாளியின் நாட்காட்டி இந்த ஊசியைச் சுற்றியே அமைந்துவிடுகிறது.

கட்டி மீண்டும் வளரத் தொடங்கினால், கேலியம்-68 கொண்டு எடுக்கப்படும் பெட் ஸ்கேன் வழிகாட்டும். கட்டியின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளில் ஒட்டும் மருந்தோடு கேலியத்தைச் செலுத்தினால் கட்டி ஒளிர்கிறது. அதே வகை மருந்தோடு லுட்டீசியம்-177-ஐச் செலுத்தினால் கட்டி தாக்கப்படுகிறது. ஸ்கேனில் ஒளிராத கட்டிக்கு இந்தச் சிகிச்சை பயன்படாது. வழக்கமாக எட்டு வார இடைவெளியில் நான்கு முறை அளிக்கப்படும். சிறுநீரகத்தைக் காக்க உடன் ஏற்றப்படும் அமினோ அமிலக் கரைசல் குமட்டலை உண்டாக்கும். வீடு திரும்பிய பின்னும் சில நாட்கள் குழந்தைகளிடமிருந்தும் கருவுற்ற பெண்களிடமிருந்தும் விலகியிருக்க வேண்டும்.

நடுக்குடலில் தோன்றிப் பரவிய நோயுள்ள 229 பேரிடம் நடந்த நெட்டர்-1 ஆய்வில், 20 மாதங்கள் கடந்தும் நோய் வளராதிருந்தோர் இச்சிகிச்சை பெற்ற பிரிவில் 65.2 விழுக்காடு, அதிக அளவு ஆக்ட்ரியோடைடு மட்டும் பெற்ற பிரிவில் 10.8 விழுக்காடு. ஆயுளைப் பொறுத்தவரை வேறுபாடு அவ்வளவு தெளிவாக இல்லை: சராசரி நடுமதிப்பு 48 மாதங்களுக்கு எதிராக 36.3 மாதங்கள். புள்ளியியல் நோக்கில் இது உறுதியான வேறுபாடாக ஏற்கப்படவில்லை. இரண்டாம் பிரிவில் பலர் பின்னர் இதே சிகிச்சைக்கு மாறியதும் அதற்கு ஒரு காரணம்.

இதற்காக வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. டிராம்பேயிலுள்ள துருவா அணு உலையில் லுட்டீசியம்-177 உற்பத்தி செய்யப்படுகிறது. மும்பை பரேலில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க மருத்துவ மையமும், தில்லி எய்ம்ஸும் நீண்டகாலமாக இச்சிகிச்சையை அளித்து வருகின்றன. எனினும் தொலைவூர்களிலிருந்து வருவோருக்குப் பயணம், தங்குமிடம், இழக்கும் கூலி ஆகியவை மருந்துச் செலவோடு சேர்ந்துகொள்கின்றன.

சிகிச்சை நடக்கும்போதே உடலில் வேறு குறைகளும் சேரும். ஊசியால் பித்தப்பைக் கற்கள் உருவாகலாம். கொழுப்பு செரியாமல் மலம் எண்ணெய்ப் பசையுடன் போனால் உணவோடு கணைய நொதி மாத்திரை தேவைப்படும். செரோடோனின் உற்பத்திக்கே டிரிப்டோஃபான் செலவாகிவிடுவதால் நியாசின் வைட்டமின் குறைந்து தோல் தடித்து உரியலாம். இதயத்தின் வலப்புற வால்வுகள் தடிக்கும் அபாயமும் இருப்பதால் எக்கோ பரிசோதனையைக் குறித்த காலத்தில் செய்துகொள்ள வேண்டும்.

ஹார்மோன் சுரக்கும் கட்டி உள்ளவர்கள் எந்த அறுவைக்கும், பல் பிடுங்கும் சிறு சிகிச்சைக்கும்கூட, முன்கூட்டியே மருத்துவரிடம் நோயைத் தெரிவிப்பது அவசியம். மயக்க மருந்தின்போது ஹார்மோன்கள் ஒரேயடியாக வெளிப்பட்டு இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறவோ சரியவோ கூடும். அத்தருணத்தில் ஆக்ட்ரியோடைடு கைவசம் இருக்க வேண்டும். நோயின் பெயரையும், பெறும் ஊசியின் அளவையும், கடைசியாகப் போட்ட தேதியையும் எழுதிய அட்டை ஒன்றை நோயாளி எப்போதும் உடன் வைத்திருப்பது இதற்காகவே.