கயிறா ஊசியா: யாருடைய கழுத்து?

2017 டிசம்பர் 12. உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்ற வழக்கில் ஆறு பேருக்குத் தூக்கு என்று திருப்பூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் காலனியில் வெடி வெடித்தோம். வெடிக்குக் காசு வசூல் பண்ணினவன் நான். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா கூப்பிட்டுக் கேட்டாள்: "ஏண்டா, கவுர்மெண்டு கயித்த கையில எடுத்துச்சுன்னா மொதல்ல யாரு கழுத்துல போட்டுப் பழகும்?"

எரிச்சலாக இருந்தது. வெண்மணியில் 44 பேரைக் கொளுத்தியவர்கள் வீடு திரும்பிய நாடு இது. ஒரே ஒருமுறை நம் பக்கம் தீர்ப்பு வருகிறது, அதற்குமா கேள்வி? ஆனால் கேள்வி விடவில்லை. பதில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதே 2017இல், இரண்டு மாதம் முன்னால், உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு விசாரணைக்கு வந்தது. தூக்கு கொடூரமானது, விஷ ஊசி போல வலி குறைந்த முறை வேண்டும் என்பது கோரிக்கை. புதிய பேச்சல்ல. 1983இல் தீனா வழக்கில் தூக்கே சரி என்று உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. 2003இல் சட்ட ஆணையத்தின் 187ஆவது அறிக்கை ஊசியையும் சேர்க்கச் சொன்னது. 2018இல் மத்திய அரசு, தூக்கே போதும் என்று பதில் போட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் கயிறுதான் இருக்கிறது. எத்தனை நிமிடத்தில் உயிர் போகும், எதில் வலி குறைவு என்றெல்லாம் பேசினார்கள். கழுத்து யாருடையது என்பது மட்டும் பேச்சில் வரவேயில்லை.

ஊசி பிறந்த இடம் அமெரிக்கா. 1977இல் ஓக்லஹோமா மாநிலம் முதலில் சட்டம் போட்டது. முறையை வகுத்தவர் அம்மாநிலத்தின் தலைமைப் பிணப்பரிசோதனை மருத்துவர் ஜே சாப்மன். பிணத்தைப் பற்றித்தான் எனக்குத் தெரியும், ஆளைப் பிணமாக்குவது பற்றித் தெரியாது என்று அவரே சொல்லியிருக்கிறார். மூன்று மருந்துகள். முதலாவது மயக்குவதற்கு. இரண்டாவது தசைகளை முடக்குவதற்கு. மூன்றாவது, பொட்டாசியம் குளோரைடு, இதயத்தை நிறுத்துவதற்கு. அந்த இரண்டாவது மருந்தில்தான் விஷயம் இருக்கிறது. மயக்கம் சரியாக ஏறாவிட்டால் உள்ளே எரியும். ஆனால் முடங்கிய உடம்பு துடிக்காது, கத்தாது. பார்க்கிறவர்களுக்கு அவன் தூங்குவது போலத் தெரியும். வலியைப் போக்குவது ஒன்று, வலி வெளியே தெரியாமல் வாயடைப்பது வேறொன்று. சேரிக்காரனுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த ஊசி முதலில் யார் உடம்பில் ஏறியது? 1982 டிசம்பர் 7, டெக்சாஸ், ஹன்ட்ஸ்வில் சிறை. சார்லஸ் புரூக்ஸ், கறுப்பர். கொலையில் இரண்டு பேர் சம்பந்தப்பட்டிருந்தார்கள், சுட்டது எவர் என்பது நிரூபிக்கப்படவேயில்லை. கூட்டாளி கடைசியில் 40 ஆண்டுத் தண்டனையோடு தப்பினார். புரூக்ஸுக்கு எதிராக வழக்காடிய அரசு வழக்கறிஞரே, இது நியாயமில்லை, நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். நிறுத்தவில்லை.

பெரியம்மா டெக்சாஸ் என்ற பேரைக்கூடக் கேட்டதில்லை.

2014 ஏப்ரலில் அதே ஓக்லஹோமாவில் கிளேட்டன் லாக்கெட் என்ற இன்னொரு கறுப்பர். நரம்பு கிடைக்காமல் தொடை இடுக்கில் குத்தினார்கள். மயங்கிவிட்டார் என்று அறிவித்த பிறகு தலையைத் தூக்கினார், முனகினார், பேசினார். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? திரையை இழுத்து மூடினார்கள். உயிர் போக 43 நிமிடம் ஆனது.

இதைவிட முக்கியமான வழக்கு ஒன்று இருக்கிறது. தலித் இயக்கத்தார் எல்லோரும் படிக்க வேண்டியது. ஜார்ஜியா மாநிலத்தில் வெள்ளைப் போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றதாக வாரன் மெக்ளெஸ்கி என்ற கறுப்பருக்கு மரண தண்டனை. அவருக்காக டேவிட் பால்டஸ் என்ற பேராசிரியர் செய்த ஆய்வு நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது. அம்மாநிலத்தின் 2000க்கு மேற்பட்ட கொலை வழக்குகளை அலசிய ஆய்வு அது. செத்தவர் வெள்ளையராக இருந்தால் மரண தண்டனை விழும் வாய்ப்பு, செத்தவர் கறுப்பராக இருப்பதைவிட 4.3 மடங்கு அதிகம். கவனியுங்கள், கொன்றவன் யார் என்பதைவிட செத்தவன் யார் என்பதே அங்கு தண்டனையைத் தீர்மானித்தது. 1987இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தள்ளியது. புள்ளிவிவரம் பொய் என்று சொல்லவில்லை. இதை ஏற்றால் குற்றவியல் நீதி அமைப்பு மொத்தமும் கேள்விக்குள்ளாகிவிடும் என்றார்கள். நீதி கூடுதலாகக் கிடைத்துவிடுமோ என்று பயப்படுகிறீர்களா என்று நீதிபதி பிரென்னன் மாறுபட்ட தீர்ப்பில் இடித்துக் காட்டினார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பவல் ஓய்வு பெற்ற பிறகு, மாற்ற முடிந்தால் அந்த ஓட்டை மாற்றுவேன் என்றார். மெக்ளெஸ்கியை 1991இல் மின்சார நாற்காலியில் உட்கார்த்திக் கொன்றாகிவிட்டது.

இப்போது பீகாருக்கு வருவோம். 1992 பிப்ரவரியில் கயா மாவட்டம் பாராவில் பூமிகார் சாதியினர் 35 பேரை மாவோயிஸ்டுகள் கொன்றார்கள். செத்தவர்களும் மனிதர்கள்தான், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. தடா வழக்கு என்பதால் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் வழியே கிடையாது. நான்கு பேருக்குத் தூக்கு என்பதை 2002இல் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று உறுதி செய்தது. நீதிபதி எம்.பி. ஷா உடன்படவில்லை. நால்வரில் இருவர் பெயர் 'மோச்சி' என்று முடியும், அதாவது செருப்புத் தைக்கிறவர்கள். ஒருவர் பாஸ்வான். மூவரும் நம்மவர்கள். 2017 பிறந்தபோதுதான் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தூக்கை ஆயுளாக மாற்றினார்.

அதே பீகாரில், 1997 டிசம்பர் 1 இரவு, லட்சுமண்பூர் பாதேயில் தலித்துகள் 58 பேர். கொன்றது ரண்வீர் சேனா, பூமிகார் பண்ணையார்களின் படை. 2010இல் கீழ்க்கோர்ட்டு 16 பேருக்குத் தூக்கும் 10 பேருக்கு ஆயுளும் கொடுத்தது. 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் 26 பேரையும் விட்டது. கண்ணால் பார்த்த சாட்சிகளை நம்ப முடியவில்லையாம். அதற்கு முந்தின வருஷம் பதானி டோலா வழக்கிலும் 23 பேர் இப்படியே வெளியே வந்தார்கள். அங்கே செத்தவர்கள் 21 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

2016இல் டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மரண தண்டனைக் கைதிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. பிற்படுத்தப்பட்டோர், தலித், பழங்குடி, மதச் சிறுபான்மையினரைச் சேர்த்தால் 76 சதவீதம். நான்கில் மூன்று பேர் ஏழைகள்.

அம்பேத்கர் 1949 ஜூன் 3 அன்றே அரசியல் நிர்ணய சபையில் இதற்கு ஒரு வழி சொன்னார். மரண தண்டனைக்கு உச்ச நீதிமன்ற மேல்முறையீடு தரலாமா என்ற விவாதம் நடந்தது. அதற்குப் பதிலாகத் தண்டனையையே ஒழித்துவிடலாம் என்றார். நம் மேடைகளில் அவர் படத்துக்குக் கீழேயே நின்று 'தூக்கிலிடு' என்று நான் எத்தனை முறை கத்தியிருக்கிறேன்!

2020 ஜூன் 22. சென்னை உயர் நீதிமன்றம் சங்கர் வழக்கில் ஐந்து பேரின் தூக்கை ஆயுளாக்கியது. பெண்ணின் தந்தைக்கு விடுதலை. ஊரடங்கு காலம், காலனி வாசலில் நாலு பேர் தட்டி பிடித்து நிற்கலாம் என்று முடிவானது. பையன்கள் 'தூக்குப் போச்சே' என்று கொதித்தார்கள். தூக்கு போனது போகட்டும், விடுதலைதான் நாம் கேட்க வேண்டியது என்று நான் சொல்ல, ராத்திரி பதினொரு மணி வரை சண்டை. கடைசியில் தட்டியில் 'மேல்முறையீடு செய்' என்று எழுதினோம். பாதிப் பேருக்கு அது சப்பென்று இருந்தது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு மறுநாள் வரவேயில்லை.