தலைப்புச் சொல்லுக்குக் கொடுக்கும் விலை: கண்டித் தாதியரும் ஆய்வுத் தரவுத்தளங்களும்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் படிக்கும் மாணவி இறுதியாண்டு ஆய்வுக்கு முன்னோர் எழுதியதைத் தேட உட்காரும்போது, பெரும்பாலும் பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தரவுத்தளத்திலேயே தொடங்குகிறாள். 1997 முதல் அதில் எவரும் காசின்றித் தேடலாம். தாதியியலுக்கென்றே உள்ள சினால் தரவுத்தளம், அதை வழங்கும் எப்ஸ்கோ நிறுவனத்துக்குச் சந்தா கட்டிய நூலகங்களுக்கு மட்டுமே திறக்கும். 2022இல் ரூபாய் வீழ்ந்த பிறகு டொலர் சந்தா என்றாலே நூலகருக்குத் தலைவலிதான். ஆகவே 'இலவசமானது போதாதா?' என்ற கேள்வி எழுகிறது.

கேள்வியே சற்றுக் கோணல். பப்மெட்டில் இலவசம் தேடல்தான், கட்டுரை அல்ல. பல பதிவுகள் சுருக்கத்தோடு நின்றுவிடும். முழுக் கட்டுரைக்கு பப்மெட் சென்ட்ரலையோ, உலக சுகாதார நிறுவனம் 2002இல் தொடங்கிய ஹினாரியையோ நாட வேண்டும். சினாலின் அடிப்படைப் பதிப்பும் ஓர் அட்டவணைதான். முழுக் கட்டுரைகளோடு வரும் பதிப்புகள் வேறு. அப்படியானால் சந்தா எதற்கு? தலைப்புச் சொற்களுக்கு. லொஸ் ஏஞ்சலிஸ் வைத்தியசாலை நூலகர் எலா கிரான்டல் 1940களில் தாதியருக்காக அட்டைகளில் எழுதிவைத்த அட்டவணையே சினாலின் வேர். 1961இல் அது அச்சேறியது.

படுக்கைப்புண்ணை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பெட்சோர் என்பார், இன்னொருவர் டெகுபிடஸ் என்பார், மற்றவர் பிரஷர் அல்சர் என்பார். 2016இல் அமெரிக்க ஆலோசனைக் குழு ஒன்று பிரஷர் இஞ்சரி என்று பெயரை மாற்றியது. இவற்றையெல்லாம் ஒரே தலைப்பின் கீழ்க் கொண்டுவருவதுதான் அட்டவணையாளரின் வேலை. பப்மெட்டின் அடித்தளமான மெட்லைனின் மெஷ் தலைப்புகளும் இதைச் செய்கின்றன. ஆனால் அவை முதன்மையாக மருத்துவக் கண்ணால் பார்ப்பவை. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உறவினரின் அனுபவம் போன்ற பண்புசார் ஆய்வுகளுக்கும், ஆய்வேடுகளுக்கும், சிறிய தாதியியல் இதழ்களுக்கும் சினாலே மேல். இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் கண்டியை அடுத்த ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தாய்மாரின் பேறுகாலப் பராமரிப்பைப் பற்றித் தேடிப் பாருங்கள். 'எஸ்டேட்' என்ற சொல்லுக்குக் கண்டியில் தேயிலைத் தோட்டம் என்று பொருள்; வெளியுலகில் அது நிலபுலச் சொத்து. 'லைன்' என்றால் நமக்குத் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடு. வைத்தியசாலை உலகில் அது நாளத்தில் ஏற்றும் குழாய். அங்குள்ள மக்களை ஒருவர் இந்தியத் தமிழர் என்கிறார், இன்னொருவர் மலையகத் தமிழர் என்கிறார், வேறொருவர் தோட்டத் தொழிலாளர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். படுக்கைப்புண்ணுக்குக் கிடைத்த மரியாதை இவர்களுக்குக் கிடைக்கவில்லை. மெஷ் பட்டியலில் இலங்கை உண்டு. மலையகத் தமிழருக்குத் தனித் தலைப்பு இல்லை.

இத்தகைய ஆய்வுகளுக்கு 2008இல் தொடங்கிய இலங்கை இதழ்கள் இணையத்தளமான எஸ்எல்ஜோலுக்கும் போயாக வேண்டும். கண்டி மருத்துவச் சங்கத்தின் இதழையும் அங்கே படிக்கலாம். கட்டுரை முழுதாகக் கிடைக்கும். சொற்களை ஒன்றுசேர்த்துத் தரும் தலைப்பு அகராதி கிடைக்காது. கூகுள் ஸ்கொலரில் விரைவாக அகப்படும், ஆயினும் ஆயிரம் முடிவுகளுக்கு மேல் அது காட்டாது. இன்று செய்த தேடலை அடுத்த மாதம் அப்படியே திரும்பச் செய்யவும் இயலாது. முறைசார் மீளாய்வுக்கு அது துணையாகலாம், தூணாகாது.

என் வாதம் இதுதான்: வைத்தியசாலை விடுதிக்குள் எழும் கேள்விக்குச் சினாலுக்குக் கொடுக்கும் பணம் தகும், தோட்டத்தில் எழும் கேள்விக்கு எவ்வளவு கொடுத்தாலும் சொல் நம்முடையதாகவே இருக்க வேண்டும். நூலகங்கள் தனித்தனியே சந்தா கட்டாமல் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளட்டும். கூடவே, எஸ்டேட், பிளாண்டேஷன், டீ வேர்க்கர், அப்கன்ட்ரி தமிழ், இந்தியன் தமிழ், மலையகம் என்ற வழக்குகளையும், ஒரே ஊர்ப்பெயரின் வெவ்வேறு ஆங்கில எழுத்துக்கூட்டல்களையும் ஒரு தாளில் தொகுத்து, தேடல் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கட்டும்.