தஞ்சாவூர் ராஜவீதிகள்

தஞ்சாவூர்ப் பழைய நகரின் நடுவே, அரண்மனையைச் சுற்றிச் சதுரமாக ஓடும் கீழவீதி, தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதி ஆகிய நான்கும் ராஜவீதிகள் எனப்படும். சாமி புறப்பாடு, தேர், பல்லக்கு என்றால் ஊர் திரள்வது இங்கேதான்.

சோழர் காலத் தஞ்சை 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் படையெடுப்பில் அழிந்தது. இன்றைய வீதியமைப்பு நாயக்கர் காலத்தது. சோழர் கட்டிய பெரிய கோயில் இச்சதுரத்துக்கு வெளியே தென்மேற்கில் நிற்பதும் அதனால்தான். வெளிச்சுற்றில் இருந்த கோட்டைமதிலின் நினைவு கீழஅலங்கம், மேலஅலங்கம் என்னும் தெருப்பெயர்களில் தங்கியிருக்கிறது. 1676 முதல் 1855 வரை ஆண்ட மராட்டியர் இந்த அமைப்பை மாற்றாமல் கோயில்களைச் சேர்த்தனர். மேலவீதியும் வடக்குவீதியும் கூடுமிடத்தில் உள்ள மூலை அனுமார் கோயில் மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர் காலத்தது.

நான்கிலும் பெருமை மிகுந்தது மேலவீதி. காஞ்சியிலிருந்து வந்த பங்காரு காமாட்சி இங்கே கோயில் கொண்டாள். அவளைப் பூசித்தவர் சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி (1762–1827). பரதநாட்டியத்தின் முன்வடிவமான சதிர்க் கச்சேரியை அலாரிப்பு முதல் தில்லானா வரை வரிசைப்படுத்திய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்களின் வீடும் இவ்வீதியில்தான். பரதநாட்டியம் ஆடும் எவரும் ஒருமுறையேனும் வந்து பார்க்க வேண்டிய வீதி இது. அருகிலுள்ள அய்யன்குளத்துக்குச் சிவகங்கைக் குளத்திலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியே தண்ணீர் வந்தது.

வைகாசியில் நடக்கும் கருடசேவை இவ்வீதிகளின் பெருவிழா. நகரிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள இருபதுக்கு மேற்பட்ட கோயில்களின் பெருமாள்கள் கருட வாகனத்தில் ஏறி, கொடிமரத்து மூலையில் கூடி, ஒருவர் பின் ஒருவராக நான்கு வீதிகளையும் வலம் வருவர். மறுநாள் வெண்ணெய்த்தாழிக் கோலத்தில் நவநீத சேவை. சம்பந்தர் குருபூசையையொட்டி முத்துப்பல்லக்குகளும் இவ்வழியே வரும்.

பெரிய கோயில் தேரோட்டம் ஏறத்தாழ நூறாண்டுகள் நின்றுபோயிருந்தது. புதுத்தேர் செய்யப்பட்டு 2015 ஏப்ரலில் மேலவீதி நிலையிலிருந்து வடம் பிடிக்கப்பட்டது. கடைகளும் வண்டிகளும் மின்கம்பிகளும் நெருக்கும் வீதிகளில் அவ்வளவு பெரிய தேர் திரும்ப முடிந்தது, நாயக்கர் விட்டுச்சென்ற அகலத்தால். சித்திரைதோறும் தேர் ஓடுகிறது. ஆக்கிரமிப்பைத் தடுக்க இதைவிட வலுவான காரணம் மாநகராட்சிக்குத் தேவையில்லை.