நேர்வு ஆய்வுக் குழு முன்வைப்புகளை மதிப்பிடல்

நேர்வு ஆய்வுக் குழு முன்வைப்பு மதிப்பீடு என்பது, மாணவர் குழு ஒன்று தான் கற்ற கோட்பாட்டை உண்மையான ஒரு நேர்வின் மீது பொருத்தி ஆராய்ந்து, அதனை அவையில் எடுத்துரைப்பதை அளவிடும் கல்வி மதிப்பீட்டு முறை ஆகும். ஓர் ஊரின் குடிநீர்ச் சிக்கல், ஒரு நிறுவனத்தின் வீழ்ச்சி, ஒரு நீதிமன்ற வழக்கு போன்றவை நேர்வுகள் ஆகும். எழுத்துத் தேர்வு பெரும்பாலும் கோட்பாடு நினைவில் உள்ளதா என்று சோதிக்கிறது. இம்முறையோ அக்கோட்பாட்டை மாணவர் கருவியாகக் கையாள வல்லவரா என்று சோதிக்கிறது. இக்கட்டுரையில் தருமபுரி மாவட்டம் மொரப்பூர் வட்டாரத்துக் குடிநீர் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

வரலாறு

நேர்வுகளின் வழியே கற்பிக்கும் முறையை ஆர்வர்டு சட்டப் பள்ளியில் 1870இல் கிறிஸ்டோபர் லாங்டெல் தொடங்கினார். 1908இல் நிறுவப்பட்ட ஆர்வர்டு வணிகப் பள்ளி இதனை மேலாண்மைக் கல்விக்கு விரிவாக்கியது. அப்பள்ளியின் ஒத்துழைப்புடன் 1961இல் அமைந்த அகமதாபாது இந்திய மேலாண்மைக் கழகத்தின் வழியாக இம்முறை இந்தியாவில் வேரூன்றியது.

பள்ளி மாணவர் அளவில் இதற்கு நெருங்கிய இந்திய வடிவம், 1993 முதல் நடைபெற்றுவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு ஆகும். இதில் மாணவர் குழுக்கள் தம் ஊர்ச் சிக்கலொன்றை ஆய்ந்து நடுவர் முன் வைக்கின்றன. தமிழ்நாட்டில் இதனை நடத்துவதில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பெரும்பங்கு ஆற்றியுள்ளது. 2012-13ஆம் கல்வியாண்டில் தமிழகப் பள்ளிகளில் முப்பருவ முறை அறிமுகமானபோது, செயல்பாடுகளை உள்ளடக்கிய வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்களும், தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்களும் ஒதுக்கப்பட்டன.

எடுத்துக்காட்டு: மொரப்பூர் வட்டாரக் குடிநீர்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்துள்ளது. இந்தியத் தர நிர்ணயப்படி (2012) குடிநீரில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆகும். வேறு நீர் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். இதனை மிஞ்சிய நீரை நெடுங்காலம் பருகினால் பற்களில் கறையும், கடுமையான நிலையில் எலும்புப் பாதிப்பும் ஏற்படுகின்றன. இதற்குத் தீர்வாகக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது.

"பாறைக்கும் நீருக்கும் இடையிலான வேதிவினையே புளோரைடின் மூலம்" என்னும் கோட்பாட்டை இந்நேர்வில் பொருத்தும் குழுக்களை மூன்று படிநிலைகளில் காணலாம்.

* பெயரிடல்: புளோரைடு நோயின் வரையறையும் ஊரின் விவரங்களும் அடுத்தடுத்துச் சொல்லப்படுகின்றன, இரண்டும் இணைக்கப்படவில்லை. ஊர்ப்பெயரை மாற்றினாலும் உரை மாறாது.
* விளக்கல்: இப்பகுதியின் கடினப் பாறைகளில் உள்ள கனிமங்களிலிருந்து புளோரைடு கரைகிறது என்றும், சுண்ணாம்புச் சத்து குறைந்த நீரில் அது மிகுதியாகத் தங்குகிறது என்றும் காரணம் காட்டப்படுகிறது.
* சோதித்தல்: கோட்பாடு சரியெனில் எதைக் காண வேண்டும் என்று குழு முன்கூட்டியே சொல்கிறது. எடுத்துக்காட்டாக, மழைநீர் எளிதில் சேரும் திறந்த கிணற்றில் புளோரைடு குறைவாகவும், ஆழ்துளைக் கிணற்றில் மிகுதியாகவும் இருக்க வேண்டும். நீரை அளந்து பார்த்து, பொருந்தாத கிணறுகளையும் மறைக்காமல் காட்டுகிறது.

மூன்றாம் நிலையே உயர்ந்தது. எதிர்பார்த்த விடை கிடைக்காத குழுவும் இந்நிலையை எட்டலாம்.

கோட்பாட்டைத் தவறாகப் பொருத்துதல் தனிவகைப் பிழை ஆகும். "நீரைக் காய்ச்சிக் குடித்தால் போதும்" என்று ஒரு குழு அழகிய படங்களுடன் பரிந்துரைக்கலாம். அது நுண்ணுயிர்களுக்குரிய தீர்வு. காய்ச்சும்போது நீர் ஆவியாகுமே தவிர புளோரைடு நீங்காது. அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு வீழ்படிவாக்கும் நளகொண்டா முறை போன்றவையே புளோரைடுக்குரியவை. கேட்போர் வீட்டுக்குச் சென்று அப்பரிந்துரையைப் பின்பற்றக்கூடும் என்பதால், இத்தகைய பிழையை எடுத்துரைப்பின் சிறப்பு ஈடுசெய்யலாகாது.

மதிப்பெண் பங்கீடு

மாதிரிப் பங்கீடு ஒன்று பின்வருமாறு அமையலாம்:

* கோட்பாட்டைப் புரிந்துகொண்டமை – 20
* கோட்பாட்டையும் நேர்வையும் இணைத்தமை – 30
* சான்றுகளும் அவற்றைத் திரட்டிய முறையும் – 20
* முடிவும் அதன் வரம்புகளும் – 10
* வினாக்களுக்கு விடையளித்தல் – 10
* எடுத்துரைப்பு – 10

பங்கீட்டை மாணவருக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும். சான்று திரட்டிய முறையில் நெறியும் அடங்கும். பற்கறை உள்ள சக மாணவரின் முகத்தை இசைவின்றிப் படமெடுத்துத் திரையில் காட்டுவது, ஆய்வு எவ்வளவு சிறப்பாயினும் குறையே ஆகும்.

மதிப்பிடுவோர் சாய்வு

ஒருவரின் ஒரு நற்பண்பு அவரின் பிற பண்புகளையும் உயர்த்திக் காட்டும் என்பதை எட்வர்டு தார்ண்டைக் 1920இல் எடுத்துக்காட்டினார். 1970இல் அமெரிக்காவில், "டாக்டர் பாக்ஸ்" என்ற பெயரில் நடிகர் ஒருவர் பொருளற்ற விரிவுரையைக் கவர்ச்சியாக நிகழ்த்த, கல்வியறிவு மிக்க அவையினரும் அதனைப் பாராட்டினர். சரளமான ஆங்கிலமும் பளபளப்பான படவில்லைகளும் இவ்வாறே நடுவரை மயக்கலாம். தமிழ்வழி பயின்ற கிராமத்து மாணவர் இதனால் இழப்படைவர். ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனியே மதிப்பெண் இடுவதும், இரு நடுவர் ஒருவரையொருவர் கலவாமல் மதிப்பிட்டுப் பின் ஒப்பிடுவதும் இச்சாய்வைக் குறைக்கும்.

தனியாள் பங்களிப்பு

குழு பெரிதாகும்போது ஒவ்வொருவரின் உழைப்பும் குறைவதைப் பிரெஞ்சு அறிஞர் மாக்சிமிலியன் ரிங்கெல்மான் கயிறு இழுக்கும் சோதனைகளில் கண்டு 1913இல் வெளியிட்டார். மாறாக, கிணறு கிணறாகச் சென்று நீர் சேகரித்த மாணவர் மேடையில் பேசாமல் இருந்துவிடுவதும் உண்டு. அனைவருக்கும் ஒரே மதிப்பெண் இடுவது இவ்விரு நிலைகளிலும் நேர்மையாகாது.

இதற்கு மதிப்பெண்ணைப் பிரிக்கலாம். மேற்கண்ட பங்கீட்டின்படி குழு 100க்கு 80 பெற்றால், அதனை 60க்கு மாற்றி 48 எனக் கொள்ளலாம். எஞ்சிய 40ஐத் தனியாளுக்கு ஒதுக்கினால், 35 பெற்ற உறுப்பினரின் மொத்தம் 83, 15 பெற்றவரின் மொத்தம் 63 ஆகும். தனியாள் மதிப்பெண்ணுக்குக் களக் குறிப்பேடும், நடுவர் தாமே தேர்ந்தெடுத்த உறுப்பினரிடம் கேட்கும் வினாக்களும் அடிப்படையாகும். உறுப்பினர் ஒருவரையொருவர் மதிப்பிடுவது துணைச் சான்றாகலாம். ஆயினும் நட்பு, பகை, சாதி, பால் வேறுபாடு ஆகியவை அதில் கலக்கக்கூடும் என்பதால் அதனை மட்டும் நம்பலாகாது.

குறைபாடுகள்

இம்முறைக்கு மிகுந்த நேரம் தேவை. மாணவர் மிகுந்த வகுப்பில் எல்லாரிடமும் வினவுவது கடினம். நுணுக்கமான பங்கீட்டுப் பட்டியல், எதிர்பாராத நல்ல சிந்தனைக்கு இடமளிக்காமல் போகலாம் என்ற விமர்சனமும் உண்டு. மதிப்பெண்ணுடன் "எந்த இடத்தில் கோட்பாடு நேர்வைத் தொடவில்லை" என்று ஓரிரு வரிகளில் எழுதித் தருவது மாணவரின் அடுத்த முயற்சிக்கு உதவும்.

இவற்றையும் பார்க்கவும்

* கல்வி மதிப்பீடு
* தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு
* ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்
* மொரப்பூர்